டி.ஓ.சி. மட்டும் பார்த்து மூலப்பாறையை எடைபோட முடியுமா?

கேள்வி இது: ஒரே ஷேல் (சேறும் களிமண்ணும் இறுகி உண்டான பாறை) அடுக்கை இரண்டு கிணறுகள் தொட்டிருக்கின்றன. படுகையின் ஓரத்தில் உள்ள கிணற்றில் 1,400 மீட்டரிலேயே அது வந்துவிட்டது, நடுப்பகுதியில் 3,900 மீட்டர் போக வேண்டியிருந்தது. முதல் மாதிரியில் மொத்தக் கரிமக் கார்பன், அதாவது டி.ஓ.சி., 3.2 சதவீதம், இரண்டாவதில் 2.1. இரண்டுமே 2 சதவீதத்தைத் தாண்டுவதால் இரண்டையும் "மிக நல்ல மூலப்பாறை" (எண்ணெயும் எரிவாயுவும் உருவாகும் தாய்ப்பாறை) என்று எழுதிவிடலாமா, இவ்வளவு கார்பனிலிருந்து எவ்வளவு எண்ணெய் வந்திருக்கும் என்று கணக்குப் போட வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ராக்-எவல் என்ற, பாறையைச் சூடாக்கிப் பார்க்கும் சோதனையின் எண்களையும் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. டி.ஓ.சி.யை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேலே உள்ள பாறை நல்ல பாறைதான், ஆனால் அது இன்னும் ஒரு சொட்டு எண்ணெயும் தந்திருக்காது. கீழே உள்ள பாறை இன்றைய எண்களில் படு மோசமாகத் தெரிகிறது, ஆனால் உங்கள் படுகையில் எண்ணெயோ எரிவாயுவோ இருந்தால் அதைப் பெற்றெடுத்தது அநேகமாக அதுதான். இதை எங்கிருந்து சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளப் பதில்.

முதலில் கார்பன். பாறையில் கார்பன் இருப்பது தேவைதான், ஆனால் போதாது. நிலக்கரியிலும் கார்பன் இருக்கிறது, கிராஃபைட்டில் கார்பனைத் தவிர வேறெதுவும் இல்லை, கிராஃபைட்டை எவ்வளவு சூடாக்கினாலும் எண்ணெய் வராது. எண்ணெயில் ஒரு கார்பன் அணுவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வேண்டும், மீத்தேனில் நான்கு. ஆகவே பாறையிலுள்ள கரிமப்பொருளில், அதாவது கெரோஜெனில், கார்பனோடு எவ்வளவு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டி.ஓ.சி. அதைச் சொல்லவே சொல்லாது. ஆக்ஸிஜனேற்றம் அடைந்து செத்துப்போன கார்பனையும், பாசியின் கொழுப்பிலிருந்து வந்த உயிருள்ள கார்பனையும் அது ஒரே கணக்கில் கூட்டிவிடும்.

கெரோஜென் வகைகளைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது, நான் சுருக்கிவிடுகிறேன். ஏரிப் பாசிகளிலிருந்து வந்தது முதல் வகை, ஹைட்ரஜன் மிக அதிகம், அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் பகுதியிலுள்ள இயோசீன் காலத்து கிரீன் ரிவர் பாறைகள் இதற்குப் பெயர்போனவை. கடல் மிதவையுயிர்களிலிருந்து வந்தது இரண்டாவது வகை; வடகடல் எண்ணெயின் தாய்ப்பாறையான கிம்மரிட்ஜ் கிளே இந்த ரகம், உலக எண்ணெயில் பெரும்பங்கு இந்த வகையிலிருந்துதான் வந்தது. நிலத் தாவரங்களின் மரப்பகுதியிலிருந்து வந்தது மூன்றாவது வகை, முக்கியமாக எரிவாயுவைத் தரும். நான்காவது எதற்கும் உதவாத கருகல். இதற்கிடையே இரண்டாவது வகையிலேயே கந்தகம் நிறைந்த ஒரு கிளை உண்டு, கலிஃபோர்னியாவின் மான்டரே பாறை அதற்கு உதாரணம். கார்பன்-கந்தகப் பிணைப்பு பலவீனமானது என்பதால் அது குறைந்த வெப்பத்திலேயே உடைந்து கனமான எண்ணெயைத் தந்துவிடும். "மூன்றாவது வகையிலிருந்து எண்ணெயே வராது" என்று அடித்துச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். இந்தோனேசியாவின் மகாகம் டெல்டாவிலும் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாண்ட் படுகையிலும் நிலத்தாவரப் பொருளிலிருந்து ஏராளமான எண்ணெய் வந்திருக்கிறது. இலையின் மெழுகும் பிசினும் மரக்கட்டை மாதிரி நடந்துகொள்வதில்லை.

சரி, ஹைட்ரஜனை எப்படி அளப்பது? கெரோஜெனை அமிலங்களால் பிரித்தெடுத்து நேரடியாகத் தனிமப் பகுப்பாய்வு செய்யலாம், ஆனால் அது நாள் பிடிக்கும் வேலை. அதனால்தான் ராக்-எவல் வந்தது. பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தில் எஸ்பிட்டாலியே குழுவினர் 1977-இல் வெளியிட்ட முறை, இன்றுவரை உலகம் முழுக்க முதல் சல்லடை அதுதான். தூளாக்கிய பாறையில் 100 மில்லிகிராமுக்கும் குறைவாக ஒரு சின்ன மூசையில் வைத்து, ஆக்ஸிஜன் இல்லாத வாயு ஓட்டத்தில் சூடாக்குகிறார்கள். முதலில் 300 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் அப்படியே நிறுத்துவார்கள். பாறையில் ஏற்கெனவே உருவாகித் தங்கியிருக்கும் ஹைட்ரோகார்பன்கள் ஆவியாகி வெளியே வரும். வரைபடத்தில் முதல் மேடு, எஸ்1. பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் வெப்பத்தை ஏற்றுவார்கள். கெரோஜென் உடைந்து புதிய ஹைட்ரோகார்பன் உண்டாகும், அது இரண்டாவது மேடு, எஸ்2. ஏறும்போது சுமார் 400 டிகிரிக்குள் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு எஸ்3. எஸ்2 மேடு உச்சிக்குப் போகும் வெப்பநிலைதான் டி-மேக்ஸ்.

இதில் எஸ்2-தான் நமக்கு நாயகன். இந்தப் பாறையை இன்னும் சூடாக்கினால் எவ்வளவு தரும் என்பதை ஒரு கிராம் பாறைக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். அதை டி.ஓ.சி.யால் வகுத்து நூறால் பெருக்கினால் ஹைட்ரஜன் இன்டெக்ஸ், எச்.ஐ.; எஸ்3-ஐ அதே மாதிரி செய்தால் ஆக்ஸிஜன் இன்டெக்ஸ். எஸ்1-ஐ எஸ்1, எஸ்2 கூட்டுத்தொகையால் வகுத்தால் உற்பத்தி இன்டெக்ஸ், அதாவது மொத்தத்தில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே மாறிவிட்டது என்பது.

இப்போது உங்கள் எண்கள். 1,400 மீட்டர் மாதிரி: எஸ்1 0.6, எஸ்2 14.1, எஸ்3 0.9, டி-மேக்ஸ் 428. எச்.ஐ. 441 வருகிறது, ஆக்ஸிஜன் இன்டெக்ஸ் 28, உற்பத்தி இன்டெக்ஸ் 0.04. கென்னத் பீட்டர்ஸ் 1986-இல் வகுத்து, பிறகு 1994-இல் காஸாவோடு சேர்ந்து விரித்த வரம்புகள்தான் எல்லோர் மேஜையிலும் இருப்பவை. டி.ஓ.சி. 0.5-க்குக் கீழே என்றால் தேறாது, 1 முதல் 2 வரை நல்லது, 2 முதல் 4 வரை மிக நல்லது, எஸ்2 10-லிருந்து 20 வரை மிக நல்லது, எச்.ஐ. 300-லிருந்து 600 வரை இரண்டாம் வகை கெரோஜென், எண்ணெய் தரக்கூடியது. எல்லாக் கட்டத்திலும் உங்கள் பாறை தேறுகிறது. ஆனால் டி-மேக்ஸ் 435-க்குக் கீழே, உற்பத்தி இன்டெக்ஸ் 0.1-க்கும் கீழே. பச்சையாக இருக்கிறது. அது அந்த இடத்தில் எண்ணெய் தந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் இதில் அடிக்கடி குழப்பம் வருகிறது. டி-மேக்ஸ் 428 என்றால் பாறை நிலத்தடியில் 428 டிகிரியைப் பார்த்தது என்று பொருளில்லை. நிலத்தடியில் எண்ணெய் உருவாவது பெரும்பாலும் 60-லிருந்து 150 டிகிரிக்குள், பல லட்சம், பல கோடி ஆண்டுகளில். ஆய்வகத்தில் அதையே அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டியிருப்பதால் வெப்பத்தை அவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது. நிலத்தடியில் ஏற்கெனவே கொஞ்சம் வெந்த கெரோஜெனில் எளிதில் உடையும் பிணைப்புகள் போய்விட்டிருக்கும், மிச்சமுள்ளவை பிடிவாதமானவை, அதனால் அடுப்பில் அதன் உச்சி தள்ளிப்போகிறது. டி-மேக்ஸ் முதிர்ச்சிக்கு ஓர் அறிகுறி, வெப்பமானி கிடையாது.

3,900 மீட்டர் மாதிரிக்கு வருவோம். டி.ஓ.சி. 2.1, எஸ்1 0.4, எஸ்2 0.8, எஸ்3 0.3, டி-மேக்ஸ் 478. எச்.ஐ. வெறும் 38. அட்டவணையை மட்டும் பார்ப்பவர் "நான்காம் வகை, பயனில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போய்விடுவார். எண்ணெய் ஆட்டி எடுத்த பிண்ணாக்கைக் கையில் வைத்துக்கொண்டு எள்ளில் எண்ணெயே இல்லை என்று சொல்கிற கதைதான் இது. டி-மேக்ஸ் 470-ஐத் தாண்டிவிட்டது, அதாவது எண்ணெய் உருவாகும் கட்டம் முடிந்து எரிவாயுக் கட்டத்தில் நிற்கிறது. டெக்ஸாஸின் பார்னெட் ஷேல் மாதிரிகளை வைத்து ஜார்வியும் மற்றவர்களும் உருவாக்கிய ஒரு சமன்பாடு உண்டு: டி-மேக்ஸை 0.018-ஆல் பெருக்கி 7.16-ஐக் கழித்தால் விட்ரினைட் பிரதிபலிப்பு, அதாவது பாறையில் உள்ள மரப்பொருள் துகள்கள் திருப்பி அனுப்பும் ஒளியின் அளவு, கிடைக்கும்; பாறை வேகவேக அது ஏறும். உங்களுக்கு 1.44 சதவீதம் வருகிறது. கந்தகம் குறைந்த இரண்டாம் வகைக்குத்தான் அது பொருந்தும், அதையும் ஒரு கைக்கணக்காகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் 1.35-ஐத் தாண்டினால் எண்ணெய்க் கட்டம் முடிந்தது என்பது பொதுவான வரம்பு. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இப்போதுதான் கணக்கின் சுவையான பகுதி. ஆழத்தில் இருக்கும் பாறை ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும்? நேரில் பார்க்க முடியாது, ஆனால் அதே அடுக்கின் வேகாத துண்டு உங்களிடம் இருக்கிறது, மேலே உள்ள மாதிரி. பல படுகைகளில் இந்த வசதி கிடைப்பதில்லை. அதன் எச்.ஐ. 441-ஐ ஆரம்ப மதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோகார்பனின் எடையில் சுமார் 83 சதவீதம் கார்பன். ஆகவே 1,000 மில்லிகிராம் கரிமக் கார்பனில் 441 மில்லிகிராம் ஹைட்ரோகார்பனாக மாறக்கூடியது என்றால், அதற்குப் போகும் கார்பன் சுமார் 367 மில்லிகிராம். மிச்சம் 633 மில்லிகிராம் எக்காலத்திலும் எதுவும் தராது, பாறையிலேயே கிடக்கும். இந்த மாறாத பகுதிதான் நம் பிடிமானம். இன்று ஆழத்து மாதிரியில் எச்.ஐ. 38, அப்படியென்றால் மாறக்கூடிய கார்பன் 3.2 சதவீதம்தான், மாறாதது 96.8 சதவீதம். 2.1-இல் 96.8 சதவீதம் என்றால் 2.03. இந்த 2.03-தான் ஆரம்பத்தில் மொத்தக் கார்பனில் 63.3 சதவீதமாக இருந்தது. வகுத்துப் பாருங்கள்: 3.2 சதவீதம்.

மேல் மாதிரியின் டி.ஓ.சி.யும் 3.2. இவ்வளவு அழகாக ஒத்துப்போவது கொஞ்சம் அதிர்ஷ்டம், எஸ்1-ஐ நான் கணக்கில் சேர்க்கவில்லை, கார்பன் போனதால் பாறையின் எடை குறைந்ததையும் விட்டுவிட்டேன், எல்லா மாதிரியும் இப்படி நடந்துகொள்ளாது. ஆனாலும் ஒன்று புரிகிறது: இரண்டும் ஒரே பாறை, ஒன்று அடுப்பில் ஏறியது, மற்றது ஏறவில்லை. ஆழத்துப் பாறை ஆரம்பத்தில் ஒரு டன்னுக்குச் சுமார் 14.1 கிலோ தரக்கூடிய நிலையில் இருந்தது, இன்று 0.8 கிலோ மிச்சம். நடுவில் 13.3 கிலோ போயிருக்கிறது. மில்லிகிராம்/கிராம் என்பதும் கிலோ/டன் என்பதும் ஒரே எண்தான், குழம்ப வேண்டாம்.

எவ்வளவு எண்ணெய் என்ற கேள்விக்கு இதிலிருந்தே நகரலாம். அடுக்கின் தடிமனை நீங்கள் சொல்லவில்லை, உதாரணத்துக்கு நல்ல பகுதி 50 மீட்டர் என்றும் பாறையின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.4 டன் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழே 120 டன் பாறை. 13.3 கிலோவால் பெருக்கினால் சுமார் 1.6 டன் ஹைட்ரோகார்பன். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 16 லட்சம் டன். ஆழத்தில் வெந்த பகுதி, எண்ணெய்க்காரர்கள் கிச்சன் என்று சொல்வது, 400 சதுர கிலோமீட்டர் இருந்தால் 64 கோடி டன், ஏறத்தாழ 467 கோடி பீப்பாய். கேட்கப் பிரமாதமாக இருக்கும். முதலீட்டாளர்களுக்கான விளக்கக்காட்சிகளில் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கலாம். ஆனால் இது பாறை உருவாக்கிய மொத்தம் மட்டுமே. அதில் ஒரு பகுதி பாறையை விட்டு வெளியே வரவே வராது, கெரோஜெனும் களிமண்ணும் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளியே வந்ததில் பெரும்பகுதி போகும் வழியிலேயே துளைகளில் ஒட்டிக்கொண்டு தீர்ந்துவிடும், கொஞ்சம் தரைக்கு வந்து கசிந்து பாக்டீரியாவுக்கு இரையாகும். கடைசியில் தேக்கங்களில் சேர்வது பல படுகைகளில் சில சதவீதம்தான். 5 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 23 கோடி பீப்பாய், அதில் வெளியே எடுக்க முடிவது ஒரு பகுதி. அதோடு உங்கள் பாறை எரிவாயுக் கட்டத்தில் இருப்பதால், வெளியேறாமல் உள்ளேயே தங்கிய எண்ணெய் உடைந்து வாயுவாகியிருக்கும். இதைப் பீப்பாயில் சொல்வதே ஒரு வசதிக்காகத்தான்.

இவ்வளவும் எண்கள் சரி என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. எண்கள் எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில்தான், எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும்.

மாதிரி கோரா, கட்டிங்ஸா என்பதை முதலில் கேளுங்கள். கோர் என்றால் முழுத் தண்டாக வெட்டி எடுத்த பாறை. கட்டிங்ஸ் என்றால் துளையிடும்போது கிணற்றுக்குள் ஓடவிடும் சேற்றோடு மேலே வந்த சில்லுகள், மேலே உள்ள அடுக்குகளிலிருந்து சரிந்து விழுந்தவையும் அதில் கலந்திருக்கும். நுண்ணோக்கியின் கீழே வைத்து ஷேல் சில்லுகளை மட்டும் இடுக்கியால் பொறுக்கி எடுக்காமல், பாக்கெட்டில் இருந்ததை அப்படியே அரைத்து அனுப்பினால் வரும் எண் எந்தப் பாறைக்கும் சொந்தமில்லை. பொறுக்கும்போது பார்த்தால் கருப்பாகப் பளபளக்கும் துகள்கள் நிலக்கரி மாதிரியே இருக்கும், ஆனால் அது சேற்றில் சேர்த்த லிக்னைட்டாகவும் இருக்கலாம். பழுப்பாக, வளைந்த ஓடு மாதிரி இருந்தால் அது சேறு பாறை வெடிப்புகளில் ஓடிப்போகாமல் அடைக்கக் கொட்டிய வால்நட் ஓடு. அதுவும் கரிமப்பொருள்தான், டி.ஓ.சி.யில் கூச்சமில்லாமல் சேர்ந்துகொள்ளும். எண்ணெய்ச் சேறு பயன்படுத்திய கிணறு என்றால் எஸ்1-ஐ நம்பவே வேண்டாம், எஸ்2-உம் ஓரளவு கெட்டிருக்கும். கரைப்பானில் கழுவிய மாதிரி, கழுவாத மாதிரி இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டால் எவ்வளவு கலப்படம் என்று தெரிந்துவிடும்.

டி.ஓ.சி. எடுக்கும் முன் கார்பனேட்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து நீக்குவார்கள். கால்சைட் உடனே நுரைத்துப் போய்விடும், ஆனால் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் லேசில் அசைவதில்லை. முழுதாகப் போகாவிட்டால் டி.ஓ.சி. ஏறிவிடும், அதே கனிமம் சூடாக்கும்போது கார்பன் டை ஆக்சைடு விட்டு எஸ்3-ஐயும் ஊதிவிடும். ஆக்ஸிஜன் இன்டெக்ஸ் பெரிதாக வந்தால் உடனே மூன்றாம் வகை என்று முடிவுகட்டாமல் கனிமங்களைப் பாருங்கள். உங்கள் மாதிரிகளில் அது 28, 14 என்று அடக்கமாக இருப்பதால் கவலையில்லை.

களிமண் இன்னொரு திருடன். கரிமப்பொருள் குறைந்த பாறையில், சூடாக்கும்போது உருவாகும் கனமான ஹைட்ரோகார்பன்களைக் களிமண் கனிமங்கள் பிடித்துவைத்துக்கொள்ளும், எஸ்2 உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அடுக்கின் எல்லா மாதிரிகளின் டி.ஓ.சி.யைக் கிடை அச்சிலும் எஸ்2-ஐச் செங்குத்து அச்சிலும் புள்ளிகளாகப் போடுங்கள். புள்ளிகள் ஒரு கோட்டில் விழுந்தால் கோட்டின் சாய்வை நூறால் பெருக்கினால் வருவதுதான் நம்பத்தகுந்த எச்.ஐ.; கோடு பூஜ்யத்தில் தொடங்காமல் டி.ஓ.சி. அச்சை 0.4, 0.5 என்று எங்கோ வெட்டினால், அந்த அளவு கார்பன் ஒன்று செத்த கார்பன், இல்லை களிமண் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக எச்.ஐ. கணக்கிட்டுச் சராசரி எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இரண்டே மாதிரிகளை வைத்து இதைச் செய்ய முடியாது, இருபது, முப்பதாவது வேண்டும். ஷேல் அடுக்கு வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி கருப்பாகத் தெரிந்தாலும் ஒரு மீட்டருக்குள்ளேயே டி.ஓ.சி. 1-லிருந்து 8 வரை ஆடுவது சர்வ சாதாரணம்.

டி-மேக்ஸ் விஷயத்தில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் வளைவைப் பாருங்கள் என்பேன். எஸ்2 0.2-க்குக் கீழே போனால் மேடே இருக்காது, தட்டையான கோட்டில் எந்திரம் ஏதோ ஓர் இடத்தை உச்சி என்று தேர்ந்தெடுத்திருக்கும். உங்கள் ஆழத்து மாதிரியின் 0.8 அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் வளைவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒழுங்கான ஒரே மேடாக இருந்தால் 478-ஐ நம்பலாம். 300-லிருந்து 400-க்குள் ஒரு தோள் மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் அது கெரோஜெனிலிருந்து வந்ததாக இருக்காது, கனமான பிட்டுமென் (தார் போன்ற பொருள்) அல்லது சேற்றுக் கலப்படம் எஸ்2-க்குள் வழிந்திருக்கிறது, டி-மேக்ஸும் பொய்யாகக் கீழே இறங்கியிருக்கும். முதல் வகைக் கெரோஜெனில் இன்னொரு தொல்லை, எண்ணெய்க் கட்டம் முழுக்கவும் டி-மேக்ஸ் 440 சுற்றிலேயே நின்றுவிடும், முதிர்ச்சியைக் காட்டிக்கொடுக்காது.

அதனால் முதிர்ச்சிக்கு இரண்டாவது சாட்சி எப்போதும் தேவை. விட்ரினைட் பிரதிபலிப்பு பழைய, நம்பகமான வழி. மெருகேற்றிய துண்டில் எண்ணெய்த் துளி விட்டு, பச்சை ஒளியில், மரப்பொருளிலிருந்து வந்த துகள் ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளப்பார்கள். சராசரியை மட்டும் கேட்காதீர்கள், பரவல் வரைபடத்தையும் கேளுங்கள். பழைய பாறைகளிலிருந்து அரிக்கப்பட்டு வந்த துகள்களும் மேலிருந்து சரிந்து விழுந்தவையும் தனித்தனிக் குவியலாக நிற்கும், அனுபவமுள்ளவர் எது சொந்தத் துகள் என்று பிரித்துச் சொல்லிவிடுவார். நிலத் தாவரங்கள் தோன்றுவதற்கு முந்தைய பாறைகளில் விட்ரினைட் கிடையாது. அரேபியாவிலும் வடஆப்பிரிக்காவிலும் உள்ள சைலூரியன் காலத்துக் கரும் ஷேல்களில் கிராப்டோலைட் புதைபடிவங்களின் பிரதிபலிப்பையோ திடப் பிட்டுமெனையோ அளந்து ஒப்பேற்றுகிறார்கள். சுண்ணாம்புப் பாறைகளில் கோனோடான்ட் என்ற நுண்படிவங்களின் நிறம் மஞ்சளிலிருந்து கருப்பாக மாறுவதை வைத்தும் சொல்ல முடியும்.

பயோமார்க்கர்கள், அதாவது பழைய உயிர்களின் அடையாளமாக எண்ணெயிலும் பாறையிலும் மிஞ்சும் மூலக்கூறுகள், பற்றி ஒன்றிரண்டு வரி. 1934-இல் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் எண்ணெயில் பார்ஃபைரின்களைக் கண்டுபிடித்து அவை குளோரோஃபில்லின் வழித்தோன்றல்கள் என்று காட்டினார், அந்த வழியில் வந்த துறை இது. ஸ்டெரேன், ஹோப்பேன் போன்ற மூலக்கூறுகள் எந்த உயிர், எந்தச் சூழல், எவ்வளவு வெந்தது என்று சொல்லும். ஆனால் உங்கள் ஆழத்து மாதிரியில் அவை வெப்பத்தில் கிட்டத்தட்ட அழிந்திருக்கும், அங்கே காசைக் கொட்ட வேண்டாம். மேல் மாதிரியின் சாற்றையும், அந்தப் படுகையில் கிடைத்த எண்ணெய் ஏதாவது இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். இந்த அடுக்குதான் அந்த எண்ணெயின் தாய் என்று நிரூபிக்க அதைவிட நேரான வழி இல்லை.

மாதிரி இல்லாத ஆழங்களுக்கு லாக், அதாவது கிணற்றுக்குள் கருவியை இறக்கி எடுக்கும் பதிவு, உதவும். 1990-இல் பாஸியும் கூட்டாளிகளும் வெளியிட்ட டெல்டா-லாக்-ஆர் முறையில் சோனிக் (பாறையில் ஒலி செல்லும் நேரம்), மின்தடை வளைவுகள் இரண்டையும் கரிமமில்லாத ஷேலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள், கரிமப்பொருள் உள்ள இடத்தில் அவை விலகும், விலகல் எவ்வளவோ அவ்வளவு டி.ஓ.சி. ஆய்வக எண்களோடு அளவுதிருத்தம் செய்யாமல் பயன்படுத்தினால் ஏமாற்றும். காமா கதிரை வைத்துத் தேடுவதும் கடல் ஷேல்களில் பலிக்கும், யுரேனியம் கரிமப்பொருளோடு சேர்ந்து படிவதால். ஏரிப் பாறைகளில் பல சமயம் யுரேனியமே இருக்காது, காமா அமைதியாக இருக்கும், பாறையோ முதல்தரமாக இருக்கும்.

கடைசியாக நேரம். பாறை வெந்தது என்பது மட்டும் போதாது, எப்போது வெந்தது என்பதும் வேண்டும். எண்ணெய் தேங்குவதற்கான மடிப்போ பிளவோ உருவாகும் முன்பே பாறை தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தால், அந்த மடிப்பில் தண்ணீர்தான் இருக்கும். இதற்குப் புதைவு வரலாற்றையும் வெப்ப வரலாற்றையும் மாதிரியாக்க வேண்டும், அந்த மாதிரியைச் சரிபார்க்கத்தான் நீங்கள் எடுக்கும் விட்ரினைட், டி-மேக்ஸ் எண்களெல்லாம். நிறையப் பேர் வண்ண வண்ணமான மாதிரியை முதலில் செய்துவிட்டு, ஒத்துப்போகாத எண்களை ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஷேலிலிருந்தே நேரடியாக எடுக்கும் எண்ணம் இருந்தால் பார்வை கொஞ்சம் மாறும். அங்கே வெளியேறியதைவிட உள்ளே தங்கியதுதான் முக்கியம். எஸ்1-ஐ டி.ஓ.சி.யால் வகுத்து நூறால் பெருக்கி, அது 100-ஐத் தாண்டினால் கெரோஜென் பிடித்துவைக்க முடிந்ததைவிட அதிக எண்ணெய் இருக்கிறது, ஓடக்கூடியது என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களுடையது இரண்டிலும் 19. ஆனால் கட்டிங்ஸ் பாக்கெட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் இலகுவான பகுதி ஆவியாகிப் போயிருக்கும், எஸ்1 எப்போதும் குறைந்தபட்ச மதிப்பு. எப்படியிருந்தாலும் மேல் கிணற்றருகே எண்ணெய் ஷேல் என்று தோண்டி எடுத்து உலையில் சூடாக்கினாலொழிய ஒன்றும் வராது. எஸ்தோனியாவில் குக்கர்சைட் பாறையைச் சுரங்கம் போட்டு எடுத்து அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் அதன் கரிம அளவு உங்கள் பாறையைவிடப் பல மடங்கு, 1,400 மீட்டர் ஆழத்திலும் அது இல்லை.

அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் செலவழிக்கும் வரிசை இப்படி இருக்கும்: இரண்டு கிணறுகளிலும் அடுக்கின் முழுத் தடிமனிலும் இரண்டு மீட்டருக்கு ஒன்றாகப் பொறுக்கிய மாதிரிகளில் டி.ஓ.சி.யும் ராக்-எவலும், ஆழத்துக் கிணற்றில் நான்கைந்து ஆழங்களில் விட்ரினைட், அந்த ஷேலில் மட்டும் இல்லாமல் மேலும் கீழும் உள்ள அடுக்குகளிலும், ஏனென்றால் ஆழத்தோடு சீராக ஏறுகிறதா என்று பார்த்தால்தான் ஒற்றை எண்ணை நம்ப முடியும். அதற்கு அப்புறம், இரண்டு கிணறுகளுக்கும் நடுவே இந்த அடுக்கு 2,500-லிருந்து 3,300 மீட்டருக்குள் எங்கே கிடக்கிறது என்று நில அதிர்வு வரைபடத்தில் தேடுங்கள். வெப்பச் சரிவு, அதாவது ஆழத்தோடு வெப்பம் ஏறும் வீதம், கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்ற சாதாரண அளவில் இருந்தால் எண்ணெய்க் கட்டத்தில் இன்று நிற்கும் பாறை அங்கேதான் இருக்கும், இரண்டு கிணறுகளும் அதைத் தொடவே இல்லை.